தைத்துக் கொடுத்த போர்வை பீரோவிலேயே கிடந்தால்

கம்பத்திலிருந்து வந்த கேள்வி இது. இரண்டு வருடத்தில் மூன்று ஒட்டுப் போர்வை தைத்திருக்கிறீர்கள். பழைய காட்டன் சேலைகளைத் துண்டு போட்டு இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, கையாலேயே ஓடுத்தையல் ஓட்டியவை. பெரியது கேரள எல்லையில் குமுளியில் இருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் போனது. கொடுத்த கவரோடு பீரோவில் கிடக்கிறது. இரண்டாவது அண்ணன் வீட்டுக்கு. அது காரின் பின் சீட்டில் விரிப்பாகிவிட்டது. மூன்றாவதை நாத்தனார் மகளின் கல்யாணத்தில் கொடுத்தீர்கள். நாத்தனார் நாலு பேர் முன்னால் "பழஞ்சேலையத் தச்சுக் குடுத்திருக்கா" என்றார். அந்தப் போர்வையில் உங்கள் அம்மாவின் சேலையும் இருக்கிறது. இனி என்ன செய்வது, திருப்பிக் கேட்கலாமா, அடுத்து யாருக்காவது தைக்கலாமா என்பது கேள்வி.

மூன்றையும் ஒரே மனத்தாங்கலாகப் பார்க்க வேண்டாம். குமுளியில் இருப்பது துவைக்கிற பிரச்சினை. அண்ணன் வீட்டில் பிரச்சினையே இல்லை. நாத்தனார் வீட்டில் நடந்தது மொய், சீர் என்கிற செய்முறைக் கணக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சரியாகிவிடும்.

குமுளியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். வீடியோவில் பார்த்த அளவு என்று எழுதியிருக்கிறீர்கள்: 90 அங்குலம் அகலம், 108 அங்குலம் நீளம். அது வெளிநாட்டுக் கட்டிலுக்கு, அங்குள்ள துவைக்கும் இயந்திரத்துக்கு, அங்குள்ள உலர்த்தும் இயந்திரத்துக்குப் போட்ட கணக்கு. இந்த அளவில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 450 கிராம் என்று வைத்தால் போர்வை உலர்ந்த நிலையிலேயே 2.8 கிலோ. வாளியில் முக்கி எடுத்தால் ஏழெட்டு கிலோவுக்கு வந்துவிடும். ஆறரைக் கிலோ மெஷினில் கணக்குப்படி இடம் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு சட்டை, சேலைக்கு. ஒரே துணியாக இத்தனை பெரியது உள்ளே புரளாது. ஒரு பக்கம் உருண்டு டிரம் ஆடும், நடுவில் சோப்பு தங்கும். கையால் பிழிய இரண்டு ஆள் வேண்டும்.

இதோடு ஊரின் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து குமுளி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் சுமார் 500 மீட்டர் உயரம் கூடுகிறது. ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை இழுக்கும், பிறகு ஐப்பசி மழை வேறு. கம்பத்தில் மொட்டை மாடியில் போட்டால் ஒரு பகலில் காயும் போர்வை அங்கே மூன்று நாள் ஆனாலும் நடுப்பஞ்சில் ஈரம் வைத்துக்கொண்டிருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். மடித்து வைத்தால் நாலாம் நாள் பூஞ்சண வாடை. அங்கே குடித்தனம் செய்யும் பெண்ணுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர்த்தினால் துவைக்க வேண்டும், துவைத்தால் காயாது, மாமியார் கையால் தைத்தது கெட்டுப்போனால் பேச்சு வரும். எடுக்காமல் இருப்பதே நல்லது என்று பீரோவில் வைத்திருப்பார். அலட்சியமாக இருந்திருந்தால் இத்தனை நேரம் அது கால்மிதிக்குப் பக்கத்தில் கிடந்திருக்கும்.

தீட்டு பார்க்கும் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாதவிலக்கு நாட்களில் தொட்ட படுக்கையை நனைத்தே ஆக வேண்டும் என்ற பழக்கம் இருந்தால், நனைக்க முடியாத போர்வையை எந்தப் பெண்ணும் எடுக்கமாட்டாள். இதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள். அந்தப் பழக்கம் சரியா தவறா என்பது வேறு பேச்சு. தைக்கிறவருக்கு வேண்டியது, இந்த வீட்டில் போர்வை எத்தனை முறை தண்ணீரில் விழும் என்ற விவரம்.

தீர்வு: அந்தப் போர்வையை இரண்டாக்குங்கள். மருமகளிடம் கேட்டுவிட்டு, ஏனென்றால் அது இப்போது அவருடைய பொருள். "ம்மா, அது துவைக்க ரொம்பப் பெருசா இருக்குமே. ரெண்டா வெட்டித் தரட்டுமா, ஆளுக்கு ஒண்ணாக் கெடக்கும்" என்று போனில் ஒரு வரி போதும். 108 அங்குல நீளத்தைச் சரிபாதியாக வெட்டினால் 54க்கு 90 அளவில் இரண்டு ஒற்றைப் போர்வை கிடைக்கும். ஒவ்வொன்றும் 1.4 கிலோ. ஆறரைக் கிலோ மெஷினில் நன்றாகப் புரளும், ஒற்றை ஆள் பிழிந்து கொடியில் போடலாம்.

வெட்டும் முறையில் கவனம் வேண்டும். சும்மா கத்தரியை வைத்தால், குறுக்கே ஓடும் ஓடுத்தையல் நூல்களெல்லாம் முனை அறுந்து, நாலு துவைப்பில் உருவிக்கொண்டு வந்துவிடும். முதலில் நடுவில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் அங்குலம், அந்தப் பக்கம் கால் அங்குலம் விட்டு, தையல் மெஷினில் இரண்டு நேர்த்தையல் ஓட்டுங்கள். கையால் என்றால் நெருக்கமான பின்தையல், இரண்டு வரி. பிறகுதான் நடுக்கோட்டில் வெட்ட வேண்டும். வெட்டிய ஓரத்துக்குப் புதுப் பட்டி: இரண்டரை அங்குல அகலத்தில் 95 அங்குல நீளத் துண்டு, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டது. மேல்பக்கத்தில் வெட்டு ஓரமும் பட்டியின் திறந்த ஓரமும் ஒன்றாக வரும்படி வைத்து, தொடக்கத்தில் அரை அங்குலம் உள்ளே மடித்து, கால் அங்குலத்தில் தையல். முனையிலும் அதே மடிப்பு. பின்பு பட்டியைப் பின்புறம் திருப்பி ஹெம்மிங். முன்பு ஓட்டிய தையல் பட்டிக்குள் மறைந்துவிடும். மற்ற மூன்று ஓரமும் பழைய பட்டியிலேயே இருக்கட்டும்.

அண்ணன் வீட்டுப் போர்வை தினமும் உபயோகத்தில் இருக்கிறது. நீங்கள் கட்டிலை நினைத்துக் கொடுத்தீர்கள், மதினி கார் சீட்டுக்கு எடுத்துக்கொண்டார். சொல்லப்போனால் மூன்றில் அதிகம் உழைக்கிற போர்வை அதுதான். கண்ணாடி வழியாக விழும் வெயிலில் ஒரு பக்கம் வெளுக்கும், சீட் பெல்ட் கொக்கி பட்டு நூல் அறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போடச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மனது கேட்கவில்லை என்றால், கட்டியான ஜமுக்காளத் துணியில் அளவெடுத்து ஒரு சீட் விரிப்பு தைத்துக் கொண்டுபோய், "மதினி, இது காருக்கு. அத உள்ள போட்டுக்கங்க" என்று கொடுக்கலாம். "அதை ஏன் கார்ல போட்டீங்க" என்று ஆரம்பித்தால் போர்வையும் கார் டிக்கிக்குப் போய்விடும்.

நாத்தனார் விஷயம் வேறு. தேனி, மதுரைப் பக்கம் கல்யாணத்தில் கொடுப்பது பரிசு அல்ல, செய்முறை. இன்னார் இவ்வளவு என்று மொய் நோட்டில் ஏறும், நாளை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைப் பார்த்துத்தான் திரும்பி வரும். ரூபாய், பவுன், பித்தளை, பட்டு எல்லாவற்றுக்கும் அந்த நோட்டில் இடமுண்டு. கைத்தையல் போர்வைக்கு என்ன மதிப்பு எழுதுவது? எழுத முடியாத பொருள் சபையில் வந்தால், வாங்கியவர் அதைக் குறைச்சலாகத்தான் எடுத்துக்கொள்வார். நாத்தனாரின் பேச்சில் பாதி, அவருடைய சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

மீதிப் பாதி "பழஞ்சேலை" என்ற சொல்லில் இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் இதை பொந்த என்பார்கள், மராட்டியத்தில் கோதடி, வடகர்நாடகத்தில் கவுதி, வங்காளத்தில் காந்தா. பாட்டி சேலைக் கோதடி என்றால் மராட்டியர் உருகுவார்கள். நமக்குக் கையில் இருந்த சொல் கந்தை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற அறிவுரையில்கூட அது ஏழ்மையின் அடையாளம்தான். ஆகவே கையில் கொடுக்கும்போது என்ன பெயர் சொல்லிக் கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயம். "வீட்டுல கெடந்த பழைய சேலையில தச்சது" என்று தன்னடக்கமாகச் சொல்லித்தான் பலர் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்கிறார். "சுங்குடியில தச்ச போர்வை", "அம்மா சேலைப் போர்வை" என்று கொடுங்கள்.

எல்லைப் பக்கத்தில் சம்பந்தம் செய்திருப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மலையாளத்தில் கோடி என்றால் புதுத்துணி. ஓணக்கோடி வாங்கித் தருவது மகிழ்ச்சி. நம் தென்மாவட்டங்களில் "கோடி போடுவது" என்றால் துக்க வீட்டுச் சடங்கு. சொல் ஒன்று, காட்சி இரண்டு. ஓணத்துக்கு மருமகளுக்கு ஏதாவது தர வேண்டும் என்றால் கோடி உடையாக, புதிதாகத் தர வேண்டும். அந்த நாளில் பழந்துணிப் போர்வை எடுத்துப் போனால் அங்கே பொருந்தாது. கசவு முண்டு, செட்டு முண்டு போன்ற கேரளத்து உடைகளை வெட்டிப் போர்வையில் சேர்ப்பதும் கேட்காமல் செய்யக்கூடாது. நாம் பட்டுச்சேலையை வெட்டினால் நெஞ்சு திக்கென்பது போலத்தான் அவர்களுக்கும். சரிகை உள்ள துணி போர்வைக்கு எப்படியும் ஆகாது. கழுத்தில் உரசும், துவைத்தால் கறுக்கும், ஊசி ஏறும் இடத்தில் இழை பிரியும்.

கறுப்பு, வெள்ளை மட்டும் உள்ள போர்வையைக் கல்யாணம், வளைகாப்புக்குக் கொடுக்க வேண்டாம். இறந்தவர் சேலை கலந்ததை மணமக்களுக்குத் தருவதிலும் சிலருக்குக் கூச்சம் உண்டு. இன்னும் சில வீட்டில் அதுவே பெரிய ஆசீர்வாதம். நாம் முடிவு செய்ய முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதே ஊர்க்காரர்கள்தான் பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில் கிடத்துவார்கள், புதுத்துணி உறுத்தும் என்று. அந்தப் பழமையில் யாரும் குறை காண்பதில்லை. எனவே பழந்துணி என்பதே குற்றம் இல்லை, எந்தச் சந்தர்ப்பத்தில் நீட்டுகிறோம் என்பதுதான்.

திருப்பிக் கேட்கலாமா? பொதுவாகக் கூடாது. ஆனால் அம்மா சேலை விதிவிலக்கு, அதுவும் அதை அவர்கள் மதிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு. சண்டையாகக் கேட்காமல் மாற்றாகக் கேளுங்கள். கடையில் நல்ல மென்கம்பளமோ, சென்னிமலைப் போர்வை ஜோடியோ வாங்கிக்கொண்டு, விசேஷக் கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில் போங்கள். "அத்தாச்சி, அதுல எங்கம்மா சேல ஒண்ணு இருக்கு. பிள்ளைக்குப் புதுசா இது வாங்கியாந்தேன். அத எனக்குக் குடுத்துருங்க, நான் வச்சுக்கிறேன்." இதில் அவருடைய பேச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாலு பேர் முன்னால் சொன்னதற்குத் தனியாகக் கணக்குத் தீர்க்க நினைத்தால் சேலை கைக்கு வராது. அவர் "இருக்கட்டும், பிள்ள போத்திக்கிறா" என்றால் மேற்கொண்டு கேட்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு அது பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அவர் கையில் ஆயிற்று, நாத்தனாரைத் தாண்டிவிட்டது.

இனித் தைப்பதைப் பற்றி. யாருக்குத் தைப்பது என்று தீர்மானிக்க, முதலில் உங்கள் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 60க்கு 90 போர்வையில் இரண்டு அங்குல இடைவெளியில் நீளவாக்கில் தையல் ஓடினால் 30 வரி, ஒவ்வொன்றும் 2.3 மீட்டர், மொத்தம் 69 மீட்டர். மணிக்கு மூன்று மீட்டர் கை ஓடும் என்றாலும் 23 மணி நேரம். ஒரு அங்குல இடைவெளி என்றால் 46 மணி நேரம். துண்டு வெட்டி இணைப்பதும் பட்டி அடிப்பதும் இதில் சேரவில்லை. நாத்தனார், ஓரகத்தி, பெரியப்பா மகன் என்று வரிசையாகத் தைத்துக் கொடுக்கிற பொருள் இல்லை இது. கேட்டு வாங்குகிறவருக்கு மட்டும்.

கேட்பதும் ஒரு வழியாகக் கேட்க வேண்டும். "போர்வை தச்சுத் தரவா" என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். எந்த அளவுக் கட்டில், இரவில் ஃபேனா ஏசியா, மெஷின் எத்தனை கிலோ, எங்கே காயப்போடுவார்கள் என்று விசாரியுங்கள். ஒரு சேலைத் துண்டை நீட்டி "இந்தக் கலர் பிடிக்குமா" என்றும் கேளுங்கள். துணியைத் தானே தேர்ந்தெடுத்தவர் போர்வையைப் பீரோவில் போடுவது அபூர்வம். அவர் வீட்டுச் சேலையையே வாங்கித் தைத்தால் இன்னும் நல்லது, "பழஞ்சேலை" என்ற பேச்சுக்கே இடமில்லை.

கனம் ஊரைப் பொறுத்தது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூரில் வருடத்தில் பத்து மாதம் ஃபேன் ஓடும். அங்கே பஞ்சே வைக்காதீர்கள். சேலைத்துணி இரண்டு அடுக்கு, நடுவில் நைந்த சேலை ஒன்று, அவ்வளவுதான். 60க்கு 90 அளவில் ஒன்றேகால் கிலோவுக்குள் முடியும். நடு அடுக்கையும் விட்டால் ஒரு கிலோவுக்குக் கீழே. குமுளி, வண்டிப்பெரியாறுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம் கனமுள்ள பஞ்சு விரிப்பு போதும். மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்ட லயத்தில் சொந்தம் இருந்தால் அவர்களுக்கு 200 கிராம் வைக்கலாம். தை மாதம் அங்கே சில இரவுகளில் புல் மேல் உறைபனி விழும். போர்வை கொடுத்தால் வாய்நிறைய வாழ்த்துவது அந்த வீடுகள்தான். கம்பத்துக்காரருக்குத் தைத்த கனப்போர்வை மனத்தாங்கலாகும், தேவிகுளத்துக்காரருக்குத் தைத்தது தேய்கிற வரை கட்டிலில் இருக்கும்.

பஞ்சு விரிப்பைக் கடையில் வாடிங் (wadding) என்று கேட்க வேண்டும். பாலியஸ்டர் விலை குறைவு, சீக்கிரம் காயும், ஈர ஊருக்கு அது ஒரு வசதி. ஆனால் வியர்க்கும், சூடான இஸ்திரி பட்டால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். நம் பக்கத்தில் பலர் செய்யும் தவறு, போடியில் நல்ல இலவம் பஞ்சு கிடைக்கிறதே என்று அதைப் போர்வைக்குள் போடுவது. தலையணைக்கும் மெத்தைக்கும் அது அருமை. துவைக்கிற போர்வைக்கு ஆகாது. இலவ இழை மெழுகுத்தன்மையும் வழுவழுப்பும் உள்ளது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. நனைத்துப் பிழிந்தால் மூலைக்கு மூலை உருண்டுவிடும், ஊசித்துளை வழியாகவும் வெளியே வரும். பருத்திப் பஞ்சை உதிரியாக வைத்தாலும் தையல் இடைவெளி இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது; போனால் அடுத்த வருடம் கட்டி கட்டியாகத் தொங்கும். "துவைச்சதும் கெட்டுப்போச்சு" என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒளித்துவைத்திருக்கும் போர்வைகள் எத்தனையோ.

சாயமும் அப்படித்தான். சின்னாளபட்டி சுங்குடி, கருஞ்சிவப்பு, கருநீலம், அடர்பச்சை எதையும் நம்ப வேண்டாம். துண்டு போடுவதற்கு முன் ஒவ்வொரு சேலையின் ஓரத்தையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அழுத்தி இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சேலையைத் தனியாகத் துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் தெளிகிற வரை. ஐந்து துவைப்பிலும் தெளியவில்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள். உப்பு, காடியில் ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். ஒட்டாமல் மேலே நிற்கிற சாயத்தை அவை பிடித்துவைக்காது. ஒரே துவைப்பில் மருமகளின் வெள்ளை முண்டில் சிவப்பு ஏறினால் அந்த வீட்டில் அந்தப் போர்வையின் கதை முடிந்தது. புதுத்துணி கலந்தால் அதையும் முன்பே நனைத்துக் காயவையுங்கள். புதுக்காட்டன் சுருங்கும், பழைய சேலை சுருங்காது, நடுவில் தையல் இழுத்து மேடுபள்ளமாகும்.

சேலையின் பலத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துணியை வெளிப்பக்கமாக இழுங்கள். சர்ரென்று விட்டால் அது நடு அடுக்குக்கு மட்டும். கால்பக்கக் கரையும் இடுப்பில் சொருகும் இடமும் முதலில் நைந்திருக்கும், அங்கே மேல்துணிக்கு எடுக்காதீர்கள். பழைய சேலைக்குப் பருத்தி நூலே நல்லது. இழுபட்டால் நூல் அறட்டும், அதைத் திரும்பத் தைக்கலாம், துணி கிழிந்தால் ஒட்டுதான். அடித்துணிக்கு ஐந்தரை மீட்டர் காட்டன் சேலை ஒன்றை நடுவில் வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஏறக்குறைய 90க்கு 106 கிடைக்கும். இரட்டைக் கட்டிலுக்கே போதும். 60க்கு 90 போர்வைக்கு ஓரம் முழுக்கப் பட்டி அடிக்க 310 அங்குல நீளம் வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலத்தில் எட்டுத் துண்டு, அறுபது சென்டிமீட்டர் துணி வாங்கினால் சரியாக வரும்.

கொடுக்கும் முறைக்கு வருவோம். விசேஷத்தில் மொய்க்கவர் தனி, ஊர் வழக்கப்படி என்ன தொகையோ அது. போர்வையைக் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, விருந்துக்குப் போகும்போது மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். பிளாஸ்டிக் கவரில் வேண்டாம்; அதே துணியில் ஒரு பை தைத்து அதில் போட்டால் அதிலேயே வைத்துக்கொள்வார்கள், ஈரம் அடைபடாது. கொடுக்கும்போதே, "போத்துங்க, துவைங்க, கிழிஞ்சா எங்கிட்டக் குடுங்க ஒட்டுப்போட்டுத் தாரேன். வேண்டாம்னா வேற யாருக்காவது ஆகும், தயங்காமச் சொல்லுங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். வாங்கியவருக்கு இருக்கும் பெரிய பயம், பாழாக்கிவிட்டால் என்ன சொல்வார்களோ என்பது. அந்த ஒரு வாக்கியம் அதை எடுத்துவிடும். அப்புறம் போகும் வீடெல்லாம் "போர்வை எப்படி இருக்கு" என்று விசாரிக்காதீர்கள். விசாரித்தால், நீங்கள் வருகிற அன்று மட்டும் எடுத்து விரித்து, போனதும் மடித்து வைப்பார்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு 36க்கு 45 அளவில் தைக்கலாம். ஆனால் ஒரு வயது ஆகும் வரை தூங்கும் குழந்தை மேல் தளர்வான போர்வை போடக்கூடாது, முகத்தில் விழுந்து மூச்சு முட்டும். தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புற விட்டு விளையாட வைக்கும் விரிப்பு என்றே சொல்லிக் கொடுங்கள். பொத்தான், மணி, கண்ணாடி எதுவும் வைக்க வேண்டாம். பெரிய போர்வையை விட இது அதிகம் துவைபடும், அதிகம் பயன்படும், தையலும் மூன்றில் ஒரு பங்குக்குள்தான். யாருக்கு இந்தக் கைவேலை பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

குமுளிப் போர்வை இரண்டும் தைத்து முடிந்ததும், பின்பக்க மூலையில் மூன்றுக்கு நாலு அங்குல வெள்ளைக் காட்டன் துண்டு ஒன்று வைத்துத் தையுங்கள். துணியில் எழுதும் அழியாத மார்க்கரில், தமிழில் ஒரு முறை, மகனை விட்டு மலையாளத்தில் ஒரு முறை: முழுப் பருத்தி, பச்சைத் தண்ணீர், முதல் மூன்று துவைப்பு தனியாக, முறுக்கிப் பிழிய வேண்டாம், இரண்டு கொடியில் குறுக்கே விரித்துக் காயப்போடவும். ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் ஈரப்பஞ்சின் கனம் முழுக்க நடு மடிப்பில் விழுந்து தையல் அறும், அதனால்தான் இரண்டு. மழைக்காலத்தில் அழுக்கானால் அவர் துவைக்கவே வேண்டாம். மகன் கம்பத்துக்கு வரும்போது வண்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் மொட்டை மாடி வெயில் ஒரு பகலில் காயவைத்துவிடும்.